அக்கா மகன் காலேஜ் ஃபுட்பால் கோச் ஆகணும் என்கிறான்: நிக் சேபனை முன்வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டெக்சாஸில் ஹைஸ்கூல் கடைசி வருடம் படிக்கும் அக்கா மகன் "நிக் சேபன் மாதிரி காலேஜ் ஃபுட்பால் ஹெட் கோச் ஆகப்போகிறேன்" என்கிறான், இது சோறு போடுமா என்பது வெளியே தெரியும் கேள்வி. அந்த மனிதர் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் இரண்டே வருடத்தில் சோடைபோய்த் திரும்பியவர்தானே, பிறகு ஏன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், ஜெயித்தது அவர் திறமையா கல்லூரியின் பணமா என்பது உள்ளே இருக்கும் கேள்வி. இரண்டாவதை அவிழ்க்காமல் முதலாவதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கோச் இல்லை, அந்தப் பந்தைத் தொட்டு விளையாடியதும் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், பெரிய ஃபுட்பால் அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில், வீரர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் ட்யூட்டராகப் பதினோரு வருடம் இருந்தேன். என் அறை ஃபுட்பால் கட்டிடத்திலேயே இருந்தது. வீரர்கள், உதவிக் கோச்சுகள், அவர்களுக்கும் கீழே எடுபிடி வேலை செய்யும் பையன்கள் எல்லோரும் என் கதவைத் தாண்டித்தான் போவார்கள். ஆகவே இந்தத் தொழிலின் கொல்லைப்புறம் எனக்கு நன்றாகத் தெரியும். மைதானத்தில் எந்தச் சூழலில் எந்த ஆட்டத்தை ஆடவேண்டும் என்ற நுட்பத்தில் நான் டிவி பார்க்கும் ரசிகனைவிட ஒரு படி மேலே, அவ்வளவுதான். சேபனை நேரில் பார்த்தது இரண்டு முறை, இரண்டும் எதிரணி ஓரத்திலிருந்து.

(ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி நினைவுக்கு வரும் நண்பர்களுக்கு: இது ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி ஆட்டம் என்று லேசாக நினைக்க வேண்டாம். சேபன் வேலைபார்த்த அலபாமா பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, ஏதோ ஒரு கல்லூரி கோச்சுக்குத்தான்.)

சேபன் 1951இல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். அப்பா பெட்ரோல் பங்க் நடத்தினார். பையனுக்குப் பதினொரு வயதிலிருந்து அங்கே வேலை. கழுவிய காரில் எங்காவது ஒரு கோடு தெரிந்தால் போச்சு, முழுக் காரையும் திரும்பக் கழுவவேண்டும். கறுப்புக் காரும் கருநீலக் காரும் வந்தாலே பிடிக்காது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், அவற்றில்தானே கோடு பளிச்சென்று தெரியும். பிறகு கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து டிஃபென்ஸ் ஆடினார். 1970 மே 4 அன்று தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்த அதே கல்லூரி. இறந்தவர்களில் ஒரு பெண் இவரோடு ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தவர்.

உங்கள் அக்கா மகன் கவனிக்கவேண்டிய இடம் இனிமேல்தான். 1973இல் சேபனுக்குப் படிப்பு முடிந்தது. கோச் ஆகும் எண்ணமே இல்லை, கார் டீலர் ஆகத்தான் ஆசை. ஆனால் மனைவி டெரிக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. அந்த ஒரு வருடம் கிராஜுவேட் அசிஸ்டென்டாக, அதாவது மேல்படிப்போடு எடுபிடிக் கோச்சாக, இரேன் என்று அவருடைய கோச் டான் ஜேம்ஸ் கேட்டார், சரி என்று தங்கிவிட்டார். தொழில் பிடித்துப்போனது. (மெர்சிடீஸ் டீலர்ஷிப் ஆசையையும் பிற்காலத்தில் விடவில்லை, வாங்கிவிட்டார்.) அதன்பின் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக அலைச்சல்: சிரக்யூஸ், மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், நேவி, மிச்சிகன் ஸ்டேட் என்று கல்லூரிகள், பிறகு என்.எஃப்.எல். அணியான ஹூஸ்டன் ஆயிலர்ஸ். ஒஹாயோ ஸ்டேட்டில் 1981 சீசன் முடிந்ததும் வேலையை விட்டே தூக்கினார்கள். முதன்முதலாக ஹெட் கோச் ஆனது 1990இல், டொலீடோ என்ற நடுத்தரக் கல்லூரியில். அதாவது பதினேழு வருட உதவியாளர் வேலைக்குப் பிறகு. 9 வெற்றி, 2 தோல்வி என்று நன்றாகவே போயிற்று. ஆனாலும் ஒரே வருடத்தில் அதை விட்டுவிட்டு கிளீவ்லண்டு பிரவுன்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியில் ஹெட் கோச் பில் பெலிசெக்குக்குக் கீழே டிஃபென்ஸைப் பார்த்துக்கொள்ளப் போனார். தலைவராக இருந்தவர் மறுபடியும் இன்னொருவருக்குக் கீழே போய்க் கற்றுக்கொண்ட அந்த நான்கு வருடம்தான் அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமானது என்பது என் கணிப்பு.

பிறகு ஐந்து வருடம் மிச்சிகன் ஸ்டேட், ஐந்து வருடம் லூசியானாவின் எல்.எஸ்.யு., அங்கே 2003 சீசனில் தேசியப் பட்டம். அந்தப் பெயரோடு 2005இல் என்.எஃப்.எல்.லின் மயாமி டால்ஃபின்ஸுக்கு ஹெட் கோச்சாகப் போனார். நீங்கள் சோடைபோனார் என்று சொல்வது இந்த இரண்டு வருடத்தைத்தான். முதல் வருடம் 9–7 (வெற்றி–தோல்வி), இரண்டாவது 6–10. கணக்கு சரி. ஆனால் நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 2006 தொடக்கத்தில் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்கள்) கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். ஒருவர் தோள்பட்டை கிழிந்து அறுவை சிகிச்சை முடித்த ட்ரூ பிரீஸ், இன்னொருவர் முழங்கால் போன டான்ட்டே கல்பெப்பர். மயாமியின் மருத்துவர்கள் பிரீஸின் தோள் தேறாது என்றார்கள். கல்பெப்பரை எடுத்தார்கள், அவர் நான்கு ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் 2010 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற என்.எஃப்.எல். இறுதி ஆட்டத்தையே ஜெயித்தார், அதுவும் அதே மயாமி மைதானத்தில்! பிரீஸ் வந்திருந்தால் சேபன் என்.எஃப்.எல்.லிலேயே ஜெயித்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் கதை விடுகிறார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. என்.எஃப்.எல்.லில் போன வருடம் கடைசியில் நின்ற அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பும் உண்டு. ஜெயித்தவனைக் கீழே இழுத்து, தோற்றவனைத் தூக்கிவிடும் ஏற்பாடு அது. கல்லூரியில் டிராஃப்டே கிடையாது. பதினேழு வயதுப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று தானே முடிவு செய்கிறான், போன வருடம் ஜெயித்த இடத்துக்குத்தான் போக ஆசைப்படுவான். அங்கே வெற்றி வட்டிபோல் குட்டிபோடும். ஆகவே கல்லூரி ஹெட் கோச்சின் முதல் வேலை ஆட்டத்தை வகுப்பது இல்லை, ஆள் பிடிப்பது. வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பையனின் அம்மா பரிமாறும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பாட்டியிடம் பேசி, பையனைக் கூட்டிவரும் வேலை. சேபன் இதில் அசுரர். மைதானத்துக்கு வெளியே இவ்வளவு உழைத்த கோச் அவர் தலைமுறையில் இல்லை என்பேன்.

"அப்படியானால் பணம்தானே, அலபாமாவில் யார் இருந்தாலும் ஆள் வருவார்கள்" என்று கேட்பீர்கள். இல்லை. பேர் பிரையன்ட் என்ற மகா கோச் 1982 முடிவில் ஓய்வு பெற்றதிலிருந்து 2006 வரை, அதே பணம், அதே மைதானம், அதே வெறிகொண்ட ரசிகர்கள் இருந்தும் அலபாமா ஜெயித்த தேசியப் பட்டம் ஒன்றே ஒன்று, 1992இல். 2006 முடிவில் புதுக் கோச் தேடியபோது மேற்கு வர்ஜீனியாவின் ரிச் ராட்ரிகஸைக் கேட்டார்கள், வரமாட்டேன் என்றுவிட்டார். பிறகுதான் சேபன் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார்கள். டிசம்பர் 21 அன்று செய்தியாளர்கள் முன் "அலபாமாவுக்குக் கோச்சாகப் போகமாட்டேன்" என்று அடித்துச் சொன்னார். ஜனவரி 3 அன்று போனார். எட்டு வருடத்துக்கு 3.2 கோடி டாலர். மயாமிக்காரர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அலபாமாவிலோ அந்த ஏப்ரலில் வெறும் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,138 பேர் வந்து, அப்போது அவ்வளவே கொள்ளும் மைதானத்தை அடைத்தார்கள்.

அந்த முதல் சீசன் என்ன ஆயிற்று தெரியுமா? 7–6. லூசியானா-மன்ரோ என்ற சின்னக் கல்லூரியிடம் சொந்த மண்ணில் 21–14 என்று தோல்வி. (போதாக்குறைக்கு, வீரர்கள் சிலர் இலவசப் பாடப்புத்தகத் திட்டத்தில் நண்பர்களுக்கும் புத்தகம் வாங்கிக்கொடுத்த விவகாரத்தில் அந்த 7 வெற்றிகளில் 5 பின்னால் ரத்தாகின. அதனால்தான் அலபாமாவில் அவர் கணக்கு ஒரு இடத்தில் 206 வெற்றி என்றும் இன்னொரு இடத்தில் 201 என்றும் வரும், குழம்பாதீர்கள்.) ஆனால் 2008இல் அவர் பிடித்துவந்த புது மாணவர் கூட்டத்தில் பின்னாளில் பெயர்பெற்ற ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், மார்செல் டேரியஸ், டான்ட்டா ஹைட்டவர் எல்லோரும் இருந்தார்கள். 2009இல் பட்டம். பிறகு 2011, 2012, 2015, 2017, 2020. எல்.எஸ்.யு.வையும் சேர்த்தால் ஏழு, பிரையன்டின் ஆறைத் தாண்டியாயிற்று. முன்னவர்கள் இருபத்துநான்கு சீசனில் ஒன்று, இவர் பதினேழு சீசனில் ஆறு. பணம் மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன், கூடியது. ஆனால் ஜெயித்ததால் கூடிய பணம் அதில் பெரும்பகுதி.

ஆள் பிடித்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. 1998இல் சேபன் கோச்சாக இருந்த மிச்சிகன் ஸ்டேட் சுமாரான அணி. நாட்டிலேயே முதலிடத்தில், தோல்வியே காணாமல் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு அவர்கள் ஊரில் ஆட்டம். மிச்சிகன் ஸ்டேட்டில் லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவப் பேராசிரியர் சேபனுக்கு ஆலோசகர். ஒரு பிளே (பந்து கிளம்பியதிலிருந்து ஆட்டம் நிற்கும்வரை) சராசரியாக ஏழு விநாடிதான் ஓடுகிறது, அந்த ஏழு விநாடியை மட்டும் பார், ஸ்கோர்போர்டைப் பார்க்காதே என்பது அவர் சொன்ன வழி. 24–9 என்று பின்தங்கியிருந்த மிச்சிகன் ஸ்டேட் 28–24 என்று ஜெயித்தது. இதைத்தான் பிறகு "பிராசஸ்" என்று ஊரெல்லாம் பேசினார்கள், இப்போது கம்பெனி மேனேஜர்கள்வரை பிராசஸ் பிராசஸ் என்கிறார்கள். எனக்கு அதில் தத்துவம் எதுவும் தெரியவில்லை, பெட்ரோல் பங்கில் திரும்பக் கழுவிய கார்தான் தெரிகிறது. காலையில் தினமும் அதே இரண்டு ஓட்மீல் க்ரீம் பை, ஒரு காபி. மதியம் தினமும் அதே சாலட். என்ன சாப்பிடுவது என்று யோசிக்கும் நேரம்கூட மிச்சம்.

அதற்காகப் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 ஜனவரி 8 அன்று பட்டத்துக்கான ஆட்டத்தில் ஜார்ஜியா இடைவேளையில் 13–0 என்று முன்னே. தொடங்கிய 27 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் தோற்றிருந்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதல் வருட மாணவன் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அந்தப் பையன் 16 கெஜம் இழந்தான், அடுத்த பந்திலேயே 41 கெஜம் வீசி ஆட்டத்தை முடித்தான். 26–23. தோற்றிருந்தால் அந்த ஊரில் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கதியைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எங்கள் கல்லூரியில் ஒரு சீசன் மோசமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஹெட் கோச்சை நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. திங்கள் காலை நான் போனபோது, கட்டிடப் பராமரிப்புக்காரர் ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு அவர் அறைக்கதவில் இருந்த பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். ஹெட் கோச்சுக்குக் கவலை இல்லை, ஒப்பந்தப்படி மீதிப் பணம் வந்துவிடும். (இதில் உச்சம் ஜிம்போ ஃபிஷர். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அவரை அனுப்பியபோது தரவேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கு.) கலங்கி நின்றது அவரை நம்பிக் குடும்பத்தோடு வந்த உதவிக் கோச்சுகள்தான். அவர்களுக்கும் கீழே கிராஜுவேட் அசிஸ்டென்ட் பையன்கள். என்னிடம் ரிக்ரெஷன் கற்றுக்கொள்ள வந்த ஒருவன் இரவு பதினொரு மணிக்கு என் மேஜையில் அட்டைகளைப் பரப்பி, அடுத்த எதிரணியின் ஆட்டங்களை மார்க்கரால் ஒவ்வொன்றாக வரைவான். மறுநாள் பயிற்சியில் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரண்டாம்நிலை வீரர்கள் எதிரணி மாதிரி ஆடிக்காட்ட முடியும். கோடு கோணினால் கிழித்துப்போட்டுத் திரும்ப வரைவான். அந்தத் திங்கட்கிழமை அவனிடம் ஒரு கட்டு அட்டை இருந்தது, யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

சேபனே இப்படி வீழ்ந்தவர்களை வாரி எடுத்துப் பயன்படுத்திக்கொண்டவர். லேன் கிஃபின் என்ற கோச்சை 2013இல் யு.எஸ்.சி. (தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) விமான நிலையத்திலேயே வைத்து நீக்கியது, அடுத்த சீசனில் அவர் அலபாமாவின் அஃபென்ஸ் பொறுப்பில் இருந்தார். ஸ்டீவ் சார்கிசியனும் அப்படித்தான் வந்தார். இன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச் அவர், உங்கள் அக்கா மகனுக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஜார்ஜியாவுக்கு 2021, 2022 பட்டங்களை வாங்கிக்கொடுத்த கர்பி ஸ்மார்ட்டும் சேபனிடம் வளர்ந்தவர்தான்.

இப்போது அந்த ஏணியின் படிகளே மாறிவிட்டன. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். அதே வருடத்திலிருந்து ஒரு வருடம் சும்மா உட்காராமலே வேறு கல்லூரிக்குத் தாவலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், முதல் வருடமான 2025–26இல் அதன் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். சேபன் 2024 ஜனவரி 10 அன்று, 72 வயதில், மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் ரோஸ் பௌல் என்ற அரையிறுதி ஆட்டத்தில் தோற்ற ஒன்பதாம் நாள் ஓய்வை அறிவித்தார். வயதா, இந்த மாற்றங்களா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். அவரே இரண்டையும் சொல்லியிருக்கிறார், எது எத்தனை பங்கு என்று பிரிக்க முடியாது. வீரர்களுக்குப் பணம் வந்தது நல்லது என்பதே என் கட்சி. என் முன்னால் தூங்கி விழுந்துகொண்டே படித்த பையன்களின் உழைப்பில்தான் அந்தக் கட்டிடமே நின்றது. ஆனால் பதினெட்டு வயதில் பிடித்து நான்கு வருடம் செதுக்கும் சேபன் பாணிக்கு இனி அவகாசம் குறைவு. அவரைப் போல இன்னொருவர் வருவார் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஆகவே உங்கள் அக்கா மகனுக்கு: ஹெட் கோச் என்பதைக் குறியாக வைத்தால், மிகச் சிலரே உட்காரும் நாற்காலிக்காக இருபது வருடம் ஓடவேண்டும். கோச் என்பதைக் குறியாக வைத்தால் நிச்சயம் சோறு உண்டு. டெக்சாஸில் பள்ளிக் கோச்சுகள் ஆசிரியர்களாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். கணக்கோ அறிவியலோ எடுத்து ஆசிரியர் சான்றிதழ் வாங்கிவைக்கட்டும், அது வீண்போகாது. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு ஏறுகிற வழியும் அடைபடவில்லை. கஸ் மல்சான் 2005வரை அர்கன்சாவில் பள்ளிக்கூடக் கோச். 2013 நவம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச்சாக சேபனை 34–28 என்று வீழ்த்தினார். சேபன் கேட்டு வாங்கிய கடைசி ஒரு விநாடியில் அலபாமா உதைத்த 57 கெஜ உதை கோலுக்கு எட்டாமல் விழ, அதைப் பிடித்து மறுமுனைவரை ஓடினார் கிறிஸ் டேவிஸ். அதைப் பையனுக்குக் காட்ட வேண்டியதில்லை, நூறு முறை பார்த்திருப்பான்.

அவன் பார்க்காத ஒன்றைக் காட்டுங்கள். மார்ச், ஏப்ரலில் கல்லூரிகளில் ஸ்பிரிங் பிராக்டிஸ் நடக்கும். பக்கத்தில் உள்ள சின்னக் கல்லூரி எதிலாவது கேட்டு, ஒருநாள் வேலியோரம் நின்று பார்க்க அனுமதி வாங்கட்டும். குவார்ட்டர்பேக்கையும் ஹெட் கோச்சையும் விட்டுவிட்டு, அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் பையனை மட்டும் இரண்டு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் என்று இங்கே எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.